மணக்கிற காற்றும் சுத்தமான காற்றும்

கேஸ் கசிந்தால் அடிக்கிற நாற்றம் கேஸினுடையது இல்லை. சிலிண்டருக்குள் இருக்கும் புரோப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வாசனை எதுவும் கிடையாது. எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளியளவு கலந்து அனுப்புகிறார்கள். அழுகிய முட்டைக்கோஸ் போல மூக்கைத் துளைப்பது அதுதான். 1937-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் இயற்கை எரிவாயு கசிந்து தரைக்கடியில் தேங்கியது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒரு பொறி பட்டு வெடித்ததில் ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பது அங்கே சட்டமானது.

வீட்டுக்குள் இருக்கும் காற்றைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். நாம் காற்றை மூக்கால்தான் எடைபோடுகிறோம். நல்ல வாசனை வந்தால் சுத்தம், நாற்றம் அடித்தால் அசுத்தம். ஆனால் மூக்கு அதற்கான கருவியே இல்லை. ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு அதற்குத் தெரியாது. நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகளும் தெரியாது. தெரிந்த வாசனையையும் சில நிமிடங்களில் பழகிக்கொண்டு மறந்துவிடும். நம் வீட்டு ஓத வாடை நமக்குத் தெரிவதில்லை, வந்த விருந்தாளிக்குத்தான் தெரிகிறது. இதைவிடப் பெரிய சிக்கல், நம் வீடுகளில் காற்றைச் சுத்தம் செய்வதாக நினைத்து நாம் செய்கிற பல வேலைகள் அதை அழுக்காக்குகின்றன என்பது.

முதலில் அந்த நுண்துகள். செய்திகளில் பிஎம் 2.5 என்று சொல்வார்கள். இரண்டரை மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் விட்டம் உள்ள துகள் என்று பொருள். தலைமுடி ஏறக்குறைய 50 முதல் 70 மைக்ரான் தடிமன் என்றால் எவ்வளவு பொடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெருக்கும்போது தும்மல் வரவைக்கும் தூசு இதைவிட மிகப் பெரியது. அதை மூக்கும் தொண்டையும் பிடித்து வெளியே தள்ளிவிடும். நுண்துகளுக்கு அந்தக் காவல் போதாது. எரிகிற எதிலிருந்தும் அது வரும்: விறகு, பீடி, ஊதுபத்தி, டீசல், சருகு எதுவானாலும் சரி. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வரையறைப்படி ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றுக்கு 5 மைக்ரோகிராம். ஒரு நாள் சராசரி 15. இந்தியாவின் தேசியத் தரம் 2009-ல் வகுத்தது. அதில் ஆண்டுக்கு 40, நாளுக்கு 60. இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் ஏன் என்பது தனிக் கட்டுரை. இங்கே கவனிக்கவேண்டியது வேறு. இந்தத் தேசியத் தரம் வெளிக்காற்றுக்கானது. ஆலந்தூரிலோ மணலியிலோ வேளச்சேரியிலோ நிற்கிற அளவீட்டு நிலையம் தெருவைத்தான் அளக்கிறது. நம் வரவேற்பறையில் என்ன எண் என்று எந்த அரசு நிலையமும் சொல்லாது.

ஒரு நண்பர் வீட்டில் கைக்கடக்கமான அளவீட்டுக் கருவி ஒன்று வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கச் சாதுவாக இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அதன் விளக்கு பச்சையிலிருந்து ஊதாவுக்குத் தாவும். முதல் தடவை கருவி கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தார்களாம். சாம்பிராணி.

சாம்பிராணி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அந்த வாசனை வந்தால் எண்ணெய்க் குளியலும் ஈரத் தலையும் பாட்டியின் கூடையும் சேர்ந்து வரும். சுமத்ரா பக்கம் விளையும் ஒரு மரத்தின் பிசின் அது. பிசின் எரிந்தால் புகை, புகை என்றால் நுண்துகள், அவ்வளவுதான் கணக்கு. பழைய முறையில் தணலில் பொடி தூவுவார்கள். இரண்டு நிமிடம் குபுகுபுவென்று வந்து அடங்கிவிடும். இப்போதைய கம்ப்யூட்டர் சாம்பிராணி கரித்தூளோடும் மரத்தூளோடும் அழுத்திச் செய்த வில்லை. பற்றவைத்துவிட்டு நாம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம், அது கடைசிவரை நின்று எரியும். முன்பு புகை போட்டது முற்றமும் ஓட்டு இடுக்கும் உள்ள வீட்டில். இப்போது போடுவது சன்னல் சாத்திய 600 சதுர அடி ஃபிளாட்டில். பழக்கம் அப்படியேதான் இருக்கிறது, வீடு மாறிவிட்டது. பச்சைக் குழந்தைக்குக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவதை மட்டும் யோசிக்காமல் நிறுத்திவிடலாம் என்பேன். தலை காய வேறு வழி இருக்கிறது. குழந்தை மூச்சு நம் மூச்சைவிட வேகமானது, உடல் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. பூசைக்குத்தான் வேண்டும் என்றால் சன்னலைத் திறந்துவைத்துக் காட்டிவிட்டு வில்லையைப் பால்கனியில் வைத்துவிடலாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

கொசுவத்திக்கு இந்தச் சலுகையும் தரமுடியாது. அதன் பிறப்பு சுவாரசியமானது. ஜப்பானில் எய்இச்சிரோ உயேயாமா என்பவர் சாமந்தி இனத்தைச் சேர்ந்த பைரித்ரம் பூவின் பொடியைக் கலந்து பத்திக்குச்சி செய்து விற்றார். முக்கால் மணி நேரத்தில் எரிந்து தீர்ந்துவிடும். 1895 வாக்கில் அவர் மனைவி யூகிதான் அதைச் சுருளாக்கினால் நீளம் கூடும் என்று யோசனை சொன்னார். 1902-ல் சுருள் விற்பனைக்கு வந்தது. இரவு முழுக்க எரியும் கொசுவத்தி அப்படிப் பிறந்தது. அந்தச் சாமர்த்தியம்தான் இன்றைய சிக்கல். சுருளில் கொசுமருந்து சொற்பம். மீதியெல்லாம் மரத்தூள், தேங்காய்ச் சிரட்டைத் தூள், பசை. மெதுவாக, அரைகுறையாக, விடியும்வரை எரிவதற்கென்றே செய்த பொருள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளைச் சோதித்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை புகைத்ததற்குச் சமம் என்று கணக்கிட்டது. ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயு 51 சிகரெட்டுக்குச் சமமாக வரலாம் என்றது. சிகரெட் பிடிக்கிறவரை மாடிக்குத் துரத்திவிட்டுக் கொசுவத்தியைக் கட்டிலுக்கடியில் வைத்துத் தூங்குகிறோம்.

அதற்காகக் கொசுக்கடியை வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. டெங்கு இருக்கிற ஊரில் அப்படிச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. சன்னலுக்கு வலை, கட்டிலுக்கு வலை, மின்விசிறி. கொசு பறப்பதில் சோப்ளாங்கி, விசிறிக் காற்றில் தள்ளாடும். செருகியில் பொருத்துகிற திரவ மருந்தில் எரிதல் இல்லை, அதனால் புகைத்துகள் மிகக் குறைவு. அதுவும் பூச்சிமருந்துதான், பூட்டிய அறையில் இரவெல்லாம் வேண்டாம். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடவிட்டு அணைத்தால் பல வீடுகளில் போதும். சன்னலுக்கு வலை போட்டால் இன்னொரு லாபம் உண்டு: சன்னலைத் திறந்து வைக்கலாம். கொசுவுக்குப் பயந்து ஐந்து மணிக்கே சாத்துகிற சன்னல்தான் நம் ஊர் வீட்டுக் காற்றின் பாதிப் பிரச்சினை.

அடுக்களைக்கு வருவோம். உலகம் முழுக்க, வீட்டுக்குள் எரியும் விறகு, சாணி, கரி, மண்ணெண்ணெய்ப் புகையால் 2020-ல் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஊதுகுழலோடு அடுப்புக்கு முன் குந்தியிருந்த நம் பாட்டிகளின் இருமலிலும் கண்புரையிலும் இந்தப் புகைக்குப் பங்கு உண்டு. இதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1981-ல் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்கள் மேலேயே கருவியை மாட்டி அவர்கள் இழுக்கும் காற்றை அளந்தார். அதுவரை காற்று மாசு என்றால் ஆலைப் புகைக்கூண்டும் லாரியும்தான். அடுப்பங்கரையில் ஒருத்தி மூச்சு விடுகிறாள் என்பது அறிவியலின் கண்ணில் பட அத்தனை காலம் ஆனது.

அந்த வேலையின் இன்றைய கிளை ஒன்று சென்னை போரூரில் இருக்கிறது. ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு பல ஆண்டுகளாக அடுப்புப் புகையை ஆராய்கிறது. தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய 4 இடங்களில் சேர்ந்து நடந்த பெரிய சோதனை ஒன்றில் இந்தியப் பகுதியை நடத்தியது இந்தக் குழுதான். விறகில் சமைக்கும் கர்ப்பிணிகள் 3,200 பேர், இடத்துக்கு 800. பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகத் தொடர்ந்து கொடுத்தார்கள். மீதிப் பேர் வழக்கம்போல விறகில் சமைத்தார்கள். கேஸ் கிடைத்த பெண்கள் சுவாசித்த நுண்துகள், விறகுக்காரர்களின் 70 மைக்ரோகிராமை ஒட்டிய அளவிலிருந்து 24-ஐ ஒட்டி இறங்கியது. மூன்றில் ஒரு பங்கு. ஆனால் 2022-ல் வெளியான முடிவில், பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பலருக்கு இது ஏமாற்றம். புகை கெடுதல் இல்லை என்று இதைப் படிப்பது தவறு. அடுப்பைக் கர்ப்ப காலத்தின் நடுவில் மாற்றியது தாமதமா, 24 என்பதே இன்னும் அதிகமா, எடையைத் தீர்மானிப்பது வேறு ஏதாவதா என்ற கேள்விகள் திறந்தே இருக்கின்றன. எனக்கு இதில் உறைத்தது அந்த 24. அடுப்பில் புகையே இல்லை, அப்புறமும் 24. பக்கத்து வீட்டு விறகு, தெருமுனைக் குப்பைத் தீ, சாலை எல்லாம் வீட்டுக்குள் வந்துகொண்டேதான் இருக்கும். உலகத்தோடு காற்றைப் பங்குபோட்டுக்கொள்ளாத வீடு கிடையாது.

சரி, கேஸ் வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்ததா? பெரும்பகுதி தீர்ந்தது. விறகோடு ஒப்பிட்டால் கேஸ் தங்கம். மிச்சம் இருப்பது இரண்டு. நீலச் சுடரே காற்றிலிருக்கும் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து நைட்ரஜன் டை ஆக்சைடை உண்டாக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. இன்னொன்று, கேஸுக்குச் சம்பந்தமே இல்லாமல் சட்டியிலிருந்து வருவது. எண்ணெய் புகையும் அளவுக்குக் காய்ந்தால் அந்தப் புகை முழுக்க நுண்துகள். மிளகாய் வறுத்தால் வீடே கமறி எல்லோரும் இருமுவோம். அந்த நெடி நமக்குத் தெரிகிறது, அதனால் சன்னலைத் திறக்கிறோம். அப்பளமும் வடையும் பொரிக்கும்போது வருவது வாசனையாக இருப்பதால் திறப்பதில்லை. அதிக வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளது என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. தினம் சிலிண்டர் கணக்கில் பொரிக்கும் பலகாரக் கடைக்காரர்களின் கவலை அது முதலில். தீபாவளிக்கு முந்தைய வாரம் மட்டும் நம் வீடுகளும் பலகாரக் கடைகள்தான்.

இதற்கு எக்சாஸ்ட் விசிறியோ சிம்னியோ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பல வீடுகளில் வேலைதான் செய்வதில்லை. விசிறி ஒரு வாளிக் காற்றை வெளியே தள்ளினால் ஒரு வாளிக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாகவேண்டும். விசிறிக்குப் பக்கத்துச் சன்னலே திறந்திருந்தால் அங்கிருந்து வந்த காற்று அப்படியே விசிறி வழியாகப் போய்விடும். அடுப்புமேல் இருக்கும் புகை அசையாது. பக்கத்துச் சன்னலைச் சாத்தி, எதிர்ப்பக்க வாசலையோ கூடத்துச் சன்னலையோ திறந்தால் காற்று அடுக்களையைக் கடந்து போகும். எல்லாவற்றையும் சாத்திவிட்டு விசிறியை மட்டும் போட்டால் அது வெறுமனே இரைந்துகொண்டிருக்கும். சிம்னியில் இரண்டு வகை. குழாய் வழியாக வெளியே தள்ளுவது ஒன்று. குழாய் இல்லாமல், கரி வடிகட்டி வழியாகக் காற்றை வாங்கி மறுபடி அடுக்களைக்குள்ளேயே விடுவது இன்னொன்று. பின்னது எண்ணெய்ப் பிசுக்கைக் கொஞ்சம் பிடிக்கும். வாயுவும் சூடும் உங்களிடமே திரும்பி வரும். வாங்கப் போகிறவர்கள் கடையில் உறிஞ்சும் வேகத்தைக் கேட்கும்முன் குழாய் எங்கே போகும் என்று கேட்கலாம். குழாய்க்கு வளைவு கூடக்கூட அந்த வேகம் காகிதத்தில்தான். பொரியலையும் வறுவலையும் சுவரோரப் பர்னரில் வைத்தால் சிம்னி நன்றாகப் பிடிக்கும். சமைத்து முடித்ததும் பட்டென்று அணைக்காமல் ஒரு பத்து நிமிடம் ஓடட்டும்.

கார்பன் மோனாக்சைடு பற்றி இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இதில் மட்டும் சமரசம் கிடையாது. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர், பூட்டிய அறையில் கரி அடுப்பு, வீட்டுக்குள் ஜெனரேட்டர் மூன்றும் உயிரை வாங்கும். மலைவாசஸ்தலங்களில் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி அவ்வப்போது வந்துகொண்டேதான் இருக்கிறது. இரத்தச் சிவப்பணுவை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும் வாயு அது. நிறமில்லை, மணமில்லை, மெர்காப்டன் கலந்து அனுப்ப அங்கே ஆளும் இல்லை. கழிவறையில் ஆசிட் ஊற்றிய கையோடு பிளீச்சிங் பவுடர் தூவுவதும் இந்தச் சாதிதான், குளோரின் வாயு கிளம்பும். இதற்கு நாற்றம் உண்டு, சந்தோஷம். ஆனால் சின்னக் கழிவறையில் அது வரும் வேகத்துக்கு ஓடத்தான் நேரமிருக்கும்.

படுக்கையறைக் கதை இதற்கு எதிர். அங்கே எதுவும் எரிவதில்லை. ஏசி ஓடுகிறது, அறை சில்லென்று இருக்கிறது, சுத்தமான காற்று வருவதாக மனசு நம்புகிறது. ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து ஒரு சொட்டுக் காற்றையும் கொண்டுவருவதில்லை. சுவருக்கு வெளியே தொங்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஓடுவது குளிர்வாயுக் குழாய் மட்டும். அறைக் காற்றையேதான் வாங்கி, குளிர்வித்து, திருப்பி விடுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம்: சுமார் 34,000 லிட்டர் காற்று. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். அப்பா, அம்மா, ஒரு குழந்தை சேர்ந்து 30 லிட்டர் என்று வையுங்கள். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. கதவிடுக்கு, சன்னலிடுக்கு வழியாக மணிக்கு அரை அறைக் காற்று மாறினால்கூட அந்த அறையின் அளவு 2,000-ஐத் தாண்டிப் போய்த்தான் நிற்கும். இடுக்குகளை ரப்பர் பட்டை வைத்து அடைத்திருந்தால் இன்னும் மேலே.

2,000 விஷமில்லை. காலையில் தலை கனப்பதற்கும் தூங்கியும் தூங்காத மாதிரி இருப்பதற்கும் இது காரணமாக இருக்கலாம். ஆனால் இந்த எண்ணின் முக்கியத்துவம் வேறிடத்தில் இருக்கிறது. நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம். அறையில் 2,200 என்றால், நீங்கள் இழுக்கும் காற்றில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு ஏற்கெனவே யாரோ ஒருவரின் நெஞ்சுக்குள் போய்வந்தது. வீட்டில் ஒருவருக்குச் சளி என்றால் எல்லோருக்கும் வருவது இப்படித்தான். காசநோயும் பரவுவது இதே வழியில்தான். மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற மருத்துவர் 1858-லேயே இதை யோசித்துவிட்டார். கார்பன் டை ஆக்சைடு கெடுதல் என்று அவர் சொல்லவில்லை. மனிதர் விட்ட காற்று எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கு அதை ஓர் அடையாளமாக வைத்துக்கொண்டார். வசிக்கும் அறையில் 1,000-ஐத் தாண்டக்கூடாது என்றார். 160 ஆண்டுகள் கழித்தும் கட்டடப் பொறியாளர்கள் அந்த எண்ணைச் சுற்றித்தான் வருகிறார்கள்.

தீர்வு பைசா செலவில்லாதது. படுக்குமுன் கால் மணி நேரம் சன்னலையும் கதவையும் சேர்த்துத் திறந்துவைத்து அறைக் காற்றை மாற்றுங்கள். இரவில் கூடத்துக் கதவை நான்கு விரல் அளவுக்காவது திறந்து விடுங்கள். மின்கட்டணம் கொஞ்சம் கூடும், கூடட்டும். அறையோடு ஒட்டிய குளியலறை இருந்தால் அதன் எக்சாஸ்டை ஓடவிடலாம். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக வேறு எங்கிருந்தாவது காற்று வரும்.

எப்போது திறப்பது என்பதில் எனக்கு ஒரு பழைய நம்பிக்கையோடு சண்டை உண்டு. விடியற்காலைக் காற்றுதான் சுத்தம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மார்கழி, தை மாதச் சென்னையில் அது பல நாள் பொய். இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதற்கு மேல் சற்றே சூடான காற்று மூடிபோட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். வண்டிப் புகையும் குப்பைப் புகையும் மேலே போக வழியில்லாமல் நம் உயரத்திலேயே தங்கும். போகியன்று காலையில் விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் காத்திருப்பது இந்த மூடி வேலையும் பழைய பாய் எரித்த வேலையும் சேர்ந்ததால். வெயில் ஏறித் தரை சுட்டதும் மூடி கலையும். மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வரும். சென்னைவாசி அப்போது சன்னல் திறந்தால் கிடைப்பது, பல நாட்களில், அன்றைய தினத்தின் நல்ல காற்று. வெயிலுக்குப் பயந்து அப்போதுதான் சாத்தியிருப்போம். சாலைப் பக்க வீடென்றால் காலை மாலை நெரிசல் நேரத்தில் முன்சன்னலைச் சாத்திப் பின்பக்கத்தைத் திறந்து வையுங்கள். தீபாவளி இரவும் போகிக் காலையும் முழுக்கச் சாத்தவேண்டிய நேரங்கள். அன்று கேள்வியே இல்லை.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் வேறு எதிரி. ஓதம். சுவர் பொருமி, சுண்ணாம்பு பூத்து, பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை படரும். அதன் வித்துகள் காற்றில் மிதந்து, ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தும்மலும் வீசிங்கும் கொண்டுவரும். இதற்கு நாம் செய்வது பெயின்ட். வாசனை போகிறது, கறை மறைகிறது, அடுத்த மழைக்குப் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு மறுபடி வருகிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் சுவரைத் தொடுவது வீண். மாடித் தளமா, மேல்வீட்டுக் குளியலறையா? மேல்வீட்டுக் குளியலறை என்றால் உங்களுக்கு வேண்டியது கொத்தனார் மட்டுமில்லை, சங்கக் கூட்டத்தில் பேசும் பொறுமையும். பழைய வீடுகளில் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்தது அழகுக்கு மட்டுமில்லை. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் வளராது, அந்தச் சுவர் ஈரத்தை வெளியே விடவும் செய்யும். இப்போதைய வழவழப்பான எமல்ஷன் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். துவைத்த துணியைப் படுக்கையறையில் காயப்போட்டால், அதிலிருந்து போகிற இரண்டு லிட்டர் தண்ணீரும் அந்த அறைக் காற்றில்தான் ஏறுகிறது. மழை நாளில் வெளிக்காற்றே நனைந்திருப்பதால் சன்னல் திறந்து ஈரம் போகாது. ஏசி இருந்தால் டிரை மோடில் ஒரு மணி நேரம் விடுவது உதவும்.

செடி வளர்க்கிறவர்கள் என்னை மன்னிக்கவேண்டும். மணி பிளான்டும் ஸ்நேக் பிளான்டும் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு, 1989-ல் நாசாவுக்காக வுல்வர்ட்டன் என்பவர் செய்த சோதனையில் தொடங்கியது. சின்னஞ்சிறு மூடிய கண்ணாடிப் பெட்டியில் செடியை வைத்து வேதிப்பொருளைச் செலுத்திப் பார்த்தார், குறைந்தது. வீடு மூடிய பெட்டி இல்லை. 2019-ல் ட்ரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றுமாற்றத்துக்குச் சமமாகச் செடிகள் வேலை செய்ய, தரையின் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேண்டுமாம். நம் 10-க்கு 12 அறைக்குக் குறைந்தபட்சக் கணக்கே நூற்றுப்பத்துச் செடி. கட்டிலை எங்கே போடுவது? செடி கண்ணுக்கு நல்லது, வளருங்கள்.

ஏர் பியூரிஃபையர் அப்படி ஏமாற்றாது, அதன் எல்லை தெரிந்து வாங்கினால். உள்ளே ஹெப்பா வடிகட்டி இருக்கவேண்டும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதுதான் அந்தப் பெயருக்கு இலக்கணம். பெட்டியில் இத்தனை சதுர அடிக்குப் போதும் என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டு, மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்ற எண்ணைத் தேடுங்கள். நம் அறை 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவை வடிகட்டினால் பயன் தெரியும். ஆக 170 வேண்டும். பெட்டியில் போட்டிருப்பது அதிக வேகத்துக்கான எண். இரைச்சல் தாங்காமல் நீங்கள் இரவில் வைக்கும் வேகத்தில் அதில் பாதிகூட வராமல் போகலாம், அதனால் கொஞ்சம் பெரியதாகவே பாருங்கள். ஓசோன் வெளிவிடும் வகையைத் தொடவேண்டாம், ஓசோனே நுரையீரலுக்கு எரிச்சல். எந்த பியூரிஃபையரும் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது, சன்னலின் வேலையை அது செய்யாது. டெல்லி நவம்பரில் இது தேவைப்படும் சாமான். கடலோரச் சென்னையில் ஆஸ்துமாக்காரர் உள்ள வீடு, மேம்பாலத்தை ஒட்டிய வீடு இரண்டைத் தவிர மற்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது கொசுவத்தியை விட்டுவிட்டு எக்சாஸ்டைச் சரிசெய்யுங்கள் என்பதுதான். கொசுவத்தியை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் பியூரிஃபையரை ஓடவிட்ட வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

இன்னும் சில்லறை விஷயங்கள் உண்டு. புது மர அலமாரியின் ஒட்டுப்பலகை வாடையில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், சில வாரங்கள் கதவைத் திறந்தே போடுங்கள். பீரோவில் போடும் பாச்சை உருண்டையின் நாஃப்தலீனும் நல்லதில்லை. துணியைக் கட்டும் முன் ஒரு வெயில் காட்டினாலே போதும். ரூம் ஃபிரெஷ்னர் என்பது நாற்றத்தின் மேல் இன்னொரு வேதிப்பொருளைத் தெளிப்பது.

போன மாதம் எங்கள் வீட்டில் காற்றே வரவில்லை என்று இன்னொரு விசிறி மாட்டலாமா என யோசித்துக்கொண்டிருந்தோம். சன்னல் கொசுவலையைத் தற்செயலாகத் தொட்டுப் பார்த்தேன். கண்கண்ணாக இருக்கவேண்டிய வலை கம்பளி மாதிரி இருந்தது. கழற்றிப் போய்க் குழாயடியில் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தால், நாலாவது வாளி வரைக்கும் தண்ணீர் கறுப்பாகவே போனது. காயவைத்து மாட்டிய அன்று மத்தியானம் மூன்று மணிக்குக் காலண்டர் படபடத்தது.